கல்லாவில் கிடைக்கும் தலைப்புகள்: செக்கு எண்ணெய்க் கடைக்கு நான்கு வார வேலை

செக்கு எண்ணெய்க் கடைகளின் இணையதளங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். முதல் கட்டுரை 'நல்லெண்ணெயின் பத்து நன்மைகள்'. இரண்டாவது 'மரச்செக்கு எண்ணெய் ஏன் சிறந்தது?' மூன்றாவது தீபாவளி வாழ்த்து. நான்காவது இருக்காது.

எழுத நேரமில்லை என்பார்கள். எதை எழுதுவது என்று தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து யோசித்தால், எல்லா எண்ணெய்க் கடைக்காரர்களுக்கும் தோன்றுவதுதான் தோன்றும். அன்று பகலில் அதே கடையில் வந்தவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்டிருப்பார்கள். பதில் சொல்லி, பில் போட்டு, மறந்தாயிற்று. அந்தக் கேள்விகளைப் பிடித்து வைத்து, மாதம் இரண்டு வீதம் ஓராண்டுக்கு வேண்டிய 24 தலைப்புகளாக மாற்றும் வேலை இது. உதாரணங்கள் கொங்குப் பக்கத்துச் செக்குக் கடை ஒன்றை மனதில் வைத்தவை. ஜவுளி, மளிகை, மோட்டார் ரீவைண்டிங் என்று கடை எதுவானாலும் வேலை முறை இதுதான்.

தேவையானவை

80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. பேனா ஒன்று, அதைக் கல்லா மேசையில் கட்டி வைக்க முக்கால் முழக் கயிறு. கயிறு விளையாட்டுக்குச் சொல்வதில்லை. கட்டாத பேனா இரண்டாம் நாள் காணாமல் போகும், அதோடு இந்த வேலையும் நின்றுவிடும். கடையின் வாட்ஸப் பிசினஸ் இருக்கும் போன், இணையதளம் இருந்தால் கூகுள் சர்ச் கன்சோல் (நம் தளம் எந்தத் தேடலில் காட்டப்படுகிறது என்று கூகுள் சொல்லும் இடம்) அனுமதி, கணினியில் ஒரு ஷீட். இவற்றோடு 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, 1 லிட்டர் அளவுக் குவளை, சமையல் தெர்மாமீட்டர். எழுதுகிற வேலைக்குத் தராசு எதற்கு என்பது நான்காம் வாரத்தில் தெரியும்.

நேரம்: நாளுக்கு 10 நிமிடம், சனிக்கிழமை ராத்திரி 1 மணி நேரம்.

முதல் வாரம்: நோட்டு

நோட்டில் நான்கு கட்டம் போதும். தேதி, கேட்ட வார்த்தை, எந்த எண்ணெய், வாங்கினாரா இல்லையா. பெயரும் போன் நம்பரும் எழுதக் கூடாது, தேவையும் இல்லை.

விதி ஒன்றே ஒன்று: கேட்டவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். "ஏனுங்க, கடலெண்ணெய்ல வடை சுட்டா இப்படி நுரைச்சுப் பொங்குது?" என்று ஒருவர் கேட்டால் அதே வரிதான் நோட்டில் ஏற வேண்டும். கடைப் பையன் 'தரம் பற்றி விசாரித்தார்' என்று எழுதிவிட்டால் அந்த வரி செத்துவிட்டது. நாளைக்கு இதே சந்தேகத்தோடு போனில் தேடுகிறவர் 'தரம்' என்று தேடமாட்டார். 'நுரை', 'பொங்குது' என்றுதான் தேடுவார். முதல் மூன்று நாள் எழுதியதைச் சாயங்காலம் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் பையனுக்குப் பழகிவிடும்.

கூட்ட நேரத்தில் எழுத முடியாது. காலை 10 முதல் 12 வரை ஒரு சொல் மட்டும் குறித்துக்கொண்டு ('நுரை', 'கசப்பு', 'கிலோவா') மதியம் விரித்து எழுதலாம். அன்றைக்கே விரிக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் 'கிலோவா' என்பது எதற்காக என்று யாருக்கும் நினைவிருக்காது.

'வாங்கவில்லை' என்று முடிகிற வரிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வாங்கியவரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாங்காமல் போனவர் கேட்டதற்கு நாம் சொன்ன பதில் போதவில்லை, அல்லது கல்லாவில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் அது இல்லை. கட்டுரைக்கு முதல் உரிமை அதற்குத்தான். பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தவரின் கேள்விக்கு இரட்டை வட்டம்.

ஒரு வாரத்தில் 30 வரி சேர்ந்தால் போதும். இப்படித்தான் வரும்:

"வெளியில லிட்டர் இதுல பாதி விலைக்குக் கிடைக்குதே?"
"ஒரு கிலோ பாட்டிலா, ஒரு லிட்டர் பாட்டிலா?"
"தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போச்சு, மெழுகு கலந்திருக்கா?"
"நல்லெண்ணெய் லேசாக் கசக்குது."
"அடியில மண்டி நிக்குது, அதை ஊத்திடறதா?"
"கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டதா?"

கடைசிக் கேள்வியைக் கேட்டவருக்குத் தொழில் தெரியும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் களங்களில் கொப்பரை காய்வதைப் பார்த்தவராக இருப்பார். பூஞ்சை பிடிக்காமலும் வெள்ளையாகத் தெரியவும் கந்தகப் புகை போடும் வழக்கம் உண்டு. கொப்பரை வாங்கும்போது அதை எப்படிக் கண்டுபிடித்து ஒதுக்குகிறோம் என்று விளக்கி எழுதினால், நூறு 'தூய்மை' விளம்பரம் செய்யாததை அது செய்யும்.

இரண்டாம் வாரம்: வாட்ஸப்

முதலில் விரைவுப் பதில்கள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். வாட்ஸப் பிசினஸில் 50 பதில் வரை சேமிக்கலாம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து கை வலித்த பிறகுதான் யாரும் அதைச் சேமிப்பார்கள். ஆகவே அங்கே இருப்பது ஒவ்வொன்றும் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வியின் பதில், பாதி எழுதி முடித்த கட்டுரை.

அடுத்து, பழைய உரையாடல்களில் தேடல். கேள்விக்குறியை வைத்துத் தேடினால் பாதிதான் கிடைக்கும், போனில் யாரும் கேள்விக்குறி போடுவதில்லை. 'ஏன்', 'எப்படி', 'எவ்ளோ', 'இருக்கா', 'ஆகுமா', 'நல்லதா' என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களே அதிகம் என்பதால் அதே சொற்களை அப்படியும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். குரல் செய்திகள் தேடலில் அகப்படாது. கடைசி இரண்டு வாரத்துக் குரல் செய்திகளை மட்டும் மறுபடி கேட்டால் போதும்.

நீண்ட குழு உரையாடல் என்றால் ஏற்றுமதி செய்து கணினியில் படிப்பது சுலபம். படங்கள் இல்லாமல் ஏற்றுமதி செய்தால் அண்மைய 40,000 செய்தி வரை வரும், படங்களோடு என்றால் 10,000. படமில்லாத கோப்பை எடுத்து, கேள்விகளைப் பிரித்தவுடன் அழித்துவிடுங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய பாட்டில் படத்தைக் கேட்காமல் எடுத்துப் போடுவது தவறு. அதே நிலையில் கடைப் பாட்டில் ஒன்றை வைத்து நாமே படம் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வாரம்: கூகுள்

கல்லாவும் வாட்ஸப்பும் நம்மிடம் வந்தவர்களின் கேள்விகளைத் தரும். வராதவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதற்கு மூன்று இடம்.

சர்ச் கன்சோலில் செயல்திறன் பகுதியைத் திறந்து, கால அளவை 16 மாதம் என்று மாற்றுங்கள். அதற்கு மேல் பழையது கிடைக்காது. வினவல்கள் பட்டியலில் பலமுறை காட்டப்பட்டும் கிளிக் வராதவை, சராசரி இடம் 8 முதல் 20 வரை இருப்பவை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் நம் பக்கத்தை அந்தக் கேள்விக்கு அரைமனதாகக் காட்டுகிறது, நேரான பதில் நம்மிடம் இல்லை என்று அர்த்தம். வடிகட்டியில் ரீஜெக்ஸ் (பல சொற்களை ஒரே வரியில் கொடுத்துத் தேடும்) முறையைத் தேர்ந்தெடுத்து, ஏன்|எப்படி|எவ்வளவு|எத்தனை|எது என்று நடுவில் செங்குத்துக் கோடு போட்டுக் கொடுத்தால் கேள்விகள் மட்டும் நிற்கும். சின்னக் கடைக்குப் பட்டியல் மிகக் குட்டையாக இருக்கும். மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடுவது அதற்கு ஒரு காரணம். பட்டியல் குட்டை என்று கைவிட வேண்டாம், நோட்டில் இருக்கும் வரிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு அது போதும்.

தேடல் பெட்டி இரண்டாவது இடம். மறைநிலைச் சாளரத்தில் 'நல்லெண்ணெய்' என்று அடித்து இடைவெளி விட்டு அ, ஆ, இ என்று ஒவ்வோர் எழுத்தாகக் கொடுத்துக் கீழே விரிவதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'கடலை எண்ணெய்', 'கடலெண்ணெய்' இரண்டும் வேறு வேறு பட்டியல் தரும். மறைநிலை ஏன் என்றால், சாதாரணச் சாளரத்தில் நாம் தேடிப் பழகியதையே கூகுள் நமக்குத் திருப்பிக் காட்டும்.

மூன்றாவது கூகுள் ட்ரெண்ட்ஸ், ஒரு சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் பக்கம். அதில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் போதிய தரவு இல்லை என்று பல நேரம் கையை விரித்துவிடும். ஆங்கிலப் பெயரைக் கொடுத்து, இடத்தைத் தமிழ்நாடு என்றும் காலத்தை 5 ஆண்டு என்றும் வைத்துக்கொண்டால் கோடு தெரியும். 0 முதல் 100 வரையிலான அந்த எண் எத்தனை பேர் தேடினார்கள் என்பதைச் சொல்லாது. அந்தக் காலத்து உச்சத்தை 100 என்று வைத்த ஒப்பீடு மட்டுமே. எந்த மாதத்தில் கோடு ஏறத் தொடங்குகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

பருவத்தை எண்ணெய்க் கடைக்காரருக்கு ட்ரெண்ட்ஸ் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லைதான். மாவடு வந்தவுடன் விளக்கெண்ணெய் கேட்டு வருவார்கள், பிசறுவதற்கு. சித்திரையில் ஆவக்காய்க்கு நல்லெண்ணெய். ஐப்பசியில் முறுக்குக்குக் கடலெண்ணெயும் தீபாவளிக் குளியலுக்கு நல்லெண்ணெயும். கார்த்திகையில் விளக்குக்கு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது என்ற புகார். இவற்றைக் காலண்டரில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 8 வாரம் முன்னால் கட்டுரை வெளியாகும்படி தேதி போடுங்கள். புதுப் பக்கத்தைக் கூகுள் கண்டுபிடித்து ஓர் இடத்தில் உட்கார வைக்க நாளாகும். கார்த்திகை தீபத்தன்று காலையில் போட்ட விளக்கு எண்ணெய்க் கட்டுரை அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

செக்கு ஓட்டுகிறவர்

இது எந்த வாரத்திலும் செய்யலாம், ஆனால் செக்கு ஓடாத நேரமாகப் பார்த்து. ஆட்டுகிறவர், வெயிலில் வைத்துத் தெளிய வைக்கிறவர், பாட்டில் நிரப்புகிறவர் மூவரிடமும் தனித்தனியாக 15 நிமிடம். "எண்ணெயைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் ஒன்றும் வராது. "போன வாரம் எந்த ஈடு சரியா வரலீங்க? ஏன்?" என்று கேட்டால் வரும் (ஈடு என்பது ஒரு தடவை செக்கில் போட்டு ஆட்டுவது). எள் ஈரமாக இருந்தது, கருப்பட்டியை முன்னாலேயே போட்டுவிட்டார்கள், மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் தெளிய இரண்டு நாள் கூடுதலாக ஆனது. ஒவ்வொன்றும் வெளியில் யாரும் எழுதியிராத விஷயம். நல்லெண்ணெய் கசக்கிறது என்ற கல்லாக் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் கிடைக்கும். கருப்பட்டி அளவு குறைந்ததா, எள் பழசா, தோல் கசப்பு இறங்கியதா என்பதை அவர் முகர்ந்தே சொல்லிவிடுவார்.

நான்காம் வாரம்: சலித்தல்

இப்போது ஷீட்டில் 80 முதல் 100 வரி வரை இருக்கும். ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்களை ஒரு வரியாக்கி, பக்கத்தில் எத்தனை முறை வந்தது என்று எழுதுங்கள். பிறகு மூன்று கட்டத்துக்கு 0, 1, 2 என்று மதிப்பெண்: எத்தனை பேர் கேட்டார்கள், நம் கடையிலேயே அளந்தோ படம் எடுத்தோ பதில் காட்ட முடியுமா, படித்தவருக்கு அன்றைக்கே ஒரு குழப்பம் தீருமா. 4-க்கு மேல் வந்தது எழுத வேண்டியது. 'நல்லெண்ணெயின் நன்மைகள்' முதல் கட்டத்தில் 2 வாங்கும், மற்ற இரண்டில் பூஜ்யம். 'கிலோவா லிட்டரா' 6-க்கு 6.

ஏன் 6? தராசும் குவளையும் கடையில் இருக்கின்றன. 1 லிட்டர் கடலெண்ணெயை அளந்து தராசில் வைத்தால் சுமார் 910 கிராம் காட்டும், எண்ணெய் தண்ணீரைவிட லேசு. அதனால் 1 கிலோ எண்ணெய் என்றால் ஏறக்குறைய 1.1 லிட்டர். பக்கத்துக் கடையில் கிலோக் கணக்கு, நம்மிடம் லிட்டர்க் கணக்கு என்றால் விலையை நேராக ஒப்பிடக் கூடாது. இரண்டு படம், ஆறு வரி. கட்டுரை முடிந்தது.

'வெளியில் பாதி விலை' என்ற கேள்விக்கும் உபதேசம் வேண்டாம், கணக்குப் போதும். 1 லிட்டர் கடலெண்ணெய்க்குச் சுமார் 2.4 கிலோ பருப்பு. பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 312 ரூபாய். புண்ணாக்கு 1.4 கிலோ, கிலோ 45 என்றால் 63 ரூபாய் திரும்ப வரும். மீதி 249. அதற்கு மேல் ஆட்டுகூலி, மின்சாரம், பாட்டில், லேபிள், அடியில் நின்றுபோகும் மண்டி. உங்கள் கடையின் அன்றைய விலையைத் தேதியோடு எழுதுங்கள். தேதி இல்லாத விலைக் கணக்கு ஆறு மாதத்தில் பொய்யாகி, புதுச் சண்டையைக் கொண்டுவரும்.

தேங்காய் எண்ணெய் உறைவதற்குத் தெர்மாமீட்டர். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும், மெழுகு எதுவும் தேவையில்லை. இதோடு நிற்காமல் அடுத்த படியும் எழுத வேண்டும்: ஃப்ரிட்ஜில் உறைந்தால் சுத்தம் என்று சிலர் சோதிக்கிறார்களே, அதுவும் சரியில்லை. எண்ணெய்ப்பனைக் கொட்டையில் எடுக்கும் பாம் கெர்னல் எண்ணெயும் ஏறத்தாழ அதே வெப்பத்தில் உறையும். நம் சரக்குக்குச் சாதகமான நம்பிக்கையையும் சேர்த்து உடைக்கிற கட்டுரையைப் படித்தவர் அடுத்த கட்டுரையை நம்புவார்.

ஒரு கேள்வியை முழுக்கப் பிரித்தால்

வடை எண்ணெய் நுரைப்பதையே எடுத்துக்கொள்வோம். 250 மில்லி எண்ணெயைக் கடாயின் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, நடுத்தரத் தீயில் வைத்துப் பாருங்கள். மாவு போடுவதற்கு முன்பே படபடவென்று வெடித்தால் எண்ணெயில் ஈரம் இருக்கிறது, சரியாகத் தெளியவில்லை. சத்தமில்லாமல் மெல்லிய நுரை படர்ந்து ஏறினால் மண்டி கலந்திருக்கிறது, பாட்டிலின் கடைசிப் பங்கைக் குலுக்கி ஊற்றியிருப்பார்கள். மாவு போட்ட பிறகே பொங்கினால் மாவின் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சுத்திகரித்த எண்ணெயில் நீக்கிவிடும் பசைப்பொருள்கள் செக்கு எண்ணெயில் இருப்பதால் ஓரளவு நுரை எப்போதும் வரும். இவ்வளவும் ஒரே கட்டுரை.

அதற்குள்ளிருந்து கிளைக்கும் தலைப்புகள்: சின்னப் புளி உருண்டையைக் காய்ந்த எண்ணெயில் போட்டு எடுக்கும் வீட்டுப் பழக்கம் வேலை செய்கிறதா என்று இரண்டு கடாய் வைத்துப் பார்ப்பது. அடிமண்டியை விளக்குக்குப் பயன்படுத்துவது. சுட்ட எண்ணெயை எத்தனை முறை மறுபடி காய்ச்சலாம் என்பது. கடைசியானதற்குச் சட்டத்தின் அளவே இருக்கிறது. பொரித்த எண்ணெயில் மொத்தப் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து சேர்பவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பலகாரக் கடைக்காரர்கள் தேடிப் படிப்பார்கள், அவர்கள் டின் கணக்கில் வாங்குகிறவர்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

பெரிய ஆபத்து மருத்துவம். மூட்டுவலி போகும், சர்க்கரை குறையும், இதயத்துக்கு இதம் என்று எழுதத் தோன்றும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. கடையின் இணையதளத்தில் வரும் கட்டுரையும் விளம்பரமாகவே பார்க்கப்படும். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாட்டி சொன்னார் என்று போட்டாலும் தப்பிக்க முடியாது.

ஏஐ கருவியிடம் 'எண்ணெய்க் கடைக்கு 50 தலைப்பு கொடு' என்று கேட்டால், பக்கத்து ஊர்க் கடைக்காரர் கேட்டால் என்ன கொடுக்குமோ அதையேதான் கொடுக்கும். ஷீட்டில் சேர்ந்த 100 வரியைக் கொடுத்து, ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக அடுக்கச் சொன்னால் உருப்படியாகச் செய்யும். அடுக்கிய பிறகு ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். 'கசக்குது', 'காறுது' இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். கசப்பு ஆட்டும்போது வந்த குறை, காறல் வைத்திருந்து வந்த குறை. பதில் வேறு.

ஒரே கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதுவதும் வழக்கமான தவறு. போன ஆண்டு எழுதியது மறந்து மறுபடி எழுதினால், இரண்டும் தேடலில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். ஷீட்டில் எழுதி முடித்த வரிக்கு எதிரே பக்கத்தின் முகவரியை ஒட்டி வையுங்கள். கேள்வி மறுபடி வந்தால் பழைய பக்கத்தில் புது அளவையும் படத்தையும் சேர்த்தால் போதும்.

கட்டுரை வெளியான நாளிலேயே அதன் முகவரியை வாட்ஸப் விரைவுப் பதிலில் ஏற்றிவிடுங்கள். அடுத்த முறை யாராவது "நுரைக்குதுங்க" என்றால் அதை அனுப்பலாம். படித்துவிட்டு அவர் இன்னொன்று கேட்பார்: "அப்ப புது எண்ணெயை எத்தனை நாள் கழிச்சுத் திறக்கலாமுங்க?" நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு வரி காலியாக விட்டு எழுத வேண்டியது அதற்காகத்தான்.